திரையில் கைப்பிடி இல்லை

1

இந்தக் கதையைக் காப்பி நேரத்தில் திருடினேன். வடக்கு ஸ்வீடனில், காட்டை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. கதை எடுப்பது கைப்பழக்கம். அன்று நிர்வாகி ஹோக்கன், இனிமேல் பாதி நோயாளிகளைக் கணினித் திரையில்தான் பார்க்க வேண்டும் என்று அறிவித்தார். டாக்டர் குன்வோர் காய்ந்த தட்டை ரொட்டியை மென்றபடி கேட்டார்.

"எல்லாம் சரி ஹோக்கன், திரையில கதவுக் கைப்பிடி எங்க இருக்கு?"

சிரித்தோம். ஆனால் அது வேடிக்கைக் கேள்வி இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்து, மேல்கோட்டை மாட்டி, கைப்பிடியில் கையை வைத்த பிறகு, முகத்தைத் திருப்பாமலே வந்த காரியத்தைச் சொல்வார்கள். "அப்புறம், ஒண்ணுமில்ல, மூத்திரத்துல ரத்தம் வருது." (இதற்காகவே குன்வோர் தன் மேசையைக் கதவிலிருந்து முடிந்தமட்டும் தள்ளிப் போட்டிருந்தார். நடக்கும் தூரத்தில் தைரியம் வரட்டும் என்று.)

2

பனி பெய்துகொண்டிருந்தபோது ஏவர்ட்

வேண்டாம். இங்கிருந்து எழுதப்படும் எல்லாக் கதையிலும் பனி பெய்து தொலைக்கிறது.

ஏவர்ட் மிகவும் நல்ல மனிதர், அவருக்கு

இதுவும் வேண்டாம். ஒருவரைச் சாகடிக்கப் போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். [சாகத்தான் போகிறார். மறைத்து என்ன ஆகப்போகிறது?] ஏவர்ட் காட்டு மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வசந்தகாலத்தில் மனைவி மாய்லிஸ் இறந்துபோனாள். முட்டிவலி. (பெயரை மாற்றியிருக்கிறேன். முட்டி அதேதான்.)

குன்வோரைத்தான் சரியாகப் பிடிக்க முடியவில்லை. முதல் பிரதியில், இயந்திரம் என்றாலே முகம் சுளிக்கும் கிழவியாக எழுதியிருந்தேன். பொய். பனிவண்டியின் இன்ஜினைத் தானே பிரித்து மாட்டுகிறவர் அவர். திரைக்குச் சம்மதித்ததும் ஹோக்கனுக்குப் பயந்து இல்லை. ஏவர்ட் வீட்டிலிருந்து வரும் சாலை முழுக்கப் பனிக்கட்டி. "நீ வண்டி எடுக்காதே, திரையிலயே பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னது அவரேதான். அக்கறையில் சொன்னார்.

3

"எப்படி இருக்கே ஏவர்ட்?"

"மோசமில்ல."

"முட்டி என்ன சொல்லுது?"

"படி ஏறினா முனகுது, இறங்கினா திட்டுது. மாய்லிஸ் மாதிரியே."

இருவரும் சிரித்தார்கள்.

"ஒழுங்கா சாப்பிடறியா?"

"உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியும் எனக்கு. என்ன, இன்னும் ரெண்டு பேருக்குத்தான் போடறேன்."

"தூக்கம்?"

"படுக்கிறேன்."

"வேற ஏதாவது?"

"இல்ல. அவ்வளவுதான்."

"மருந்து எழுதிட்டேன். உடம்பப் பாத்துக்க."

"நீயும்."

அறையாக இருந்திருந்தால் ஏவர்ட் இப்போது எழுந்திருப்பார். கோட்டை மாட்டியிருப்பார். கதவுவரை நடந்திருப்பார். திரையில் எழவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். காத்திருப்போர் வரிசையில் அடுத்த பெயர் மின்னியது. குன்வோர் பொத்தானை அழுத்தினார். படம் அணைவதற்கு முன் ஏவர்ட்டின் வாய் லேசாகத் திறந்தது.

(கடைசி வரி நான் சேர்த்தது. இந்தப் பேச்சை எனக்குச் சொன்னபோது குன்வோர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கதைக்கு வேண்டியிருந்தது.)

அந்த வாரக் கடைசியில் ஏவர்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

4

இதை மாற்ற என்னால் முடியும். பேனா என் கையில் இருக்கிறது.

முதல் முடிவு: குன்வோர் உடனே திரும்ப அழைக்கிறார். ஏவர்ட் "அப்புறம், ஒண்ணுமில்ல…" என்று ஆரம்பிக்கிறார்.

இரண்டாம் முடிவு: சாலையில் பனிக்கட்டி இல்லை. ஏவர்ட் நேரில் வருகிறார், கைப்பிடியைப் பிடிக்கிறார், ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறார். (இதுவும் நடக்கும். கைப்பிடியைத் தூக்கி வைத்துக் கும்பிட வேண்டியதில்லை.)

எல்லாவற்றையும் குன்வோருக்கு ஸ்வீடிஷில் வாசித்துக் காட்டினேன். ரொட்டியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் வாயைத் திறந்தான்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே."

அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன்.

"அது இருக்கட்டும். நான் திரும்பக் கூப்பிட்டேன்னு எழுதியிருக்கே பாரு, அதை அடி. பொய் சொல்லி என்னை நல்லவளாக்காதே."

அடித்துவிட்டேன். மேலே இன்னும் தெரிகிறதே என்கிறீர்களா? அடித்தது தெரியட்டும்.

5

எங்கள் நிலையத்தில் இன்று திரையில் அதிகம் பேரைப் பார்ப்பவர் குன்வோர்தான். தயங்குகிற டாக்டர்களுக்கு ஹோக்கன் அவரையே உதாரணம் காட்டுகிறார். குன்வோரின் வரிசை மட்டும் ஏன் எப்போதும் தாமதமாகிறது என்று அவருக்குப் புரியவில்லை. இணைப்பில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பேசி முடித்ததும் குன்வோர் பொத்தானைத் தொடுவதில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் இருப்பவருக்குக் குழப்பம்.

"இன்னும் இருக்கியா குன்வோர்?"

"இருக்கேன். நீ முதல்ல போ."

பெரும்பாலும் போய்விடுகிறார்கள். சிலர் போவதில்லை.

சரி, முட்டியைப் பற்றிப் பேசியாயிற்று. முடிவு என்று கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு வேறு ஏதாவது? இல்லையா, அவ்வளவுதானா?

பேனாவை வைத்துவிட்டேன். பக்கத்தை மூடப்போவது நானில்லை.

இருக்கிறேன். நீங்கள் முதலில் போங்கள்.