தாய்மாமன் குத்திய நட்சத்திரம்

பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். ராணுவத்தில் நட்சத்திரம் குத்துவதும் அப்படித்தான் என்று நானும் என் தங்கை சுருளியம்மாளும் நினைத்துவிட்டோம். அவள் மகன் காமராஜ் போடியில் கல்லூரி முடித்து, பரீட்சை எழுதி, டேராடூன் ராணுவ அகாடமிக்குப் போனவன். 1982 டிசம்பரில் அதிகாரியாகிறான். அன்றைக்குப் பெற்றவர்கள் வந்து தோளில் நட்சத்திரம் குத்திவிட வேண்டுமாம்.

“தாலியறுத்தவ கை நல்ல காரியத்துல படக்கூடாதுண்ணே. மாமன் நீ இருக்கீல்ல, நீயே போய்க் குத்திட்டு வா” என்றாள் சுருளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டி, வெற்றிலை, கற்கண்டு என்று சீர்த்தட்டோடு ரயிலேறினேன்.

அந்த மைதானத்தை எப்படிச் சொல்ல? நூற்றுக்கணக்கான பையன்கள் ஒரே காலாக ஊன்றினார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது. ஒரு வெள்ளைக் குதிரை, மேலே அதிகாரியோடு, படியேறிக் கட்டடத்துக்குள் போனது. இத்தனை பேருக்குள் ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போகும் எங்கள் சுருளி மகனும் ஒருத்தன் என்று நினைத்ததும் அழுதேவிட்டேன்.

அணிவகுப்பு முடிந்ததும் காமராஜ் வலது தோளைக் காட்டினான். குத்தினேன். இடது தோளுக்குக் கையை நீட்டினால், “இது ஆத்தாளுக்கு, மாமா” என்று விலகி, அப்போதைக்கு ஒரு நண்பனைக் குத்தச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. மாமன் உரிமையைப் பங்கு போட இவன் யார்? ஊர் வந்து சேரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

போடியில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் உடுப்போடு ஜீப்பில் மலையேறினான். நானும் உர்ரென்று கூடப் போனேன். தோட்டத்தில் பெண்கள் ஏலச்செடி அடியில் குந்திக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகனைப் பார்த்த சுருளி குந்திய இடத்திலேயே இருந்துவிட்டாள். அவன் ஈரச் சேற்றில் மண்டியிட்டு, இடது தோள் நட்சத்திரத்தைக் கழற்றி நீட்டினான்.

“வேண்டாஞ்சாமி. சண்டைக்குப் போற புள்ள. இது ராசியில்லாத கை.”

“ஒன் கை படலேன்னா எனக்கு இது வெறுந் தகரம் ஆத்தா.”

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் தலையாட்டாமல் குத்தமாட்டாள். சேற்றில் மண்டியிட்டிருந்த அதிகாரியை நான் பார்த்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“குத்து தாயி” என்றேன்.

புடவையில் கையைத் துடைத்துத் துடைத்துக் குத்தினாள். கோணலாகத்தான் இருந்தது. காமராஜ் எழுந்து நின்று, விறைப்பாக அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

பக்கத்து வரிசையிலிருந்து ஜக்கம்மாள் மெல்ல வந்தாள். தேவாரம் ஊர்ப்பக்கத்துக் காட்டில் புருஷனை யானைக்குப் பறிகொடுத்தவள், பிள்ளையும் இல்லை. “அப்பு, நானும் ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டுமா?” என்றாள்.

காமராஜ் கை வலது தோளுக்குப் போனது. என்னைப் பார்த்துத் தயங்கினான். நானே போய் அந்த நட்சத்திரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.

“தொடுறது என்ன ஆத்தா, நீயே குத்திவிடு” என்றேன்.