மேசைப் பலகையில் சின்னையா

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என்னிடமிருந்து எதையும் யாரும் சும்மா வாங்கிப் போனதில்லை. ஓவியன் குகன் வாங்கிப் போனான். கடையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட மேசையின் மேல்பலகை அது. துணி அளக்க ஓரத்தில் கால் கஜத்துக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி பதித்திருக்கும். ஒன்று விழுந்துபோன இடத்தில் நானே ஓர் இரும்புத் திருகாணியை முடுக்கியிருந்தேன்.

"இதுல உன்னை வரையுறேன்டா, கமலநாதா. கண்காட்சிக்கு வர்றவன் உள்ள நுழைஞ்சதும் உன் மூஞ்சியத்தான் பாக்கணும்."

"பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டான்னா?"

"அப்ப உன் கடைக்கு வந்தவன்னு நெனச்சுக்குறேன்."

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவன். அவன் படங்கள் எல்லாமே இப்படித்தான். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் தூக்கி எறியும் சரக்குப் பேலட் கட்டை, லோரியின் பின்கதவு, யாரோ தெருவில் போட்ட அலமாரிக் கதவு, அவற்றின்மேல் மனித முகங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடி அறைதான் அவனுடைய பட்டறை. சில மாதங்கள் ஞாயிறுதோறும் அங்கே போய் உட்கார்ந்தேன். வாயால் பிழைக்கிற நான் அங்கே வியாபாரப் பேச்சு பேசவில்லை. மகள் மலர்விழி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டதை என் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை, குகனிடம் சொன்னேன். வரைந்தபடியே "ம்" என்பான். படத்தை மட்டும் காட்டமாட்டான். முடியும்வரை காட்டுவதில்லை என்பது அவன் வழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பண்டமாரானிலிருந்து அமுதவள்ளி என் கடைக்கு வந்தாள். கன்டெய்னர் லோரி ஓட்டிய அவள் கணவர், என் வாடிக்கைக்காரர் சின்னையா திடீரென்று இறந்துபோயிருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேட்டி, சேலை சொல்லிவிட்டு, "பெரிய படமா வெக்கணும்ண்ணே. ஐ.சி.ல, அடையாளக் கார்டுல இருக்கற படம் ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் முகம் தெளிவா இல்ல" என்றாள். குகனிடம் அனுப்பி வைத்தேன். சிபாரிசு என்னுடையது.

காரியத்துக்கு மூன்று நாள் முன்பு துணிகளைக் கொடுக்கப் போனேன். கூடத்தில் படம் மாட்டியிருந்தது. மல்லிகை மாலை, கீழே விளக்கு, நெற்றியில் சந்தனம், தடித்த மீசை, கண்ணாடி, லோரிக் கம்பெனியின் நீலச் சட்டை. நல்ல மனுஷன் என்று நினைத்தபடி கும்பிடக் கை தூக்கியவன், படத்தின் கீழோரத்தைப் பார்த்தேன். வரிசையாகப் பித்தளை ஆணிகள். நடுவில் ஓர் இரும்புத் திருகாணி.

பிறகுதான் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மீசைக்கும் கண்ணாடிக்கும் பின்னால் நான் இருந்தேன்.

"நீங்களும் ஒரு பூ போடுங்கண்ணே" என்று தட்டை நீட்டினாள் அமுதவள்ளி. அழுது வீங்கிய முகம். அவளிடம் என்ன சொல்வது? என் படத்துக்கு நானே பூப்போட்டேன். உயிரோடிருக்கும்போதே இந்த மரியாதை எல்லாருக்குமா கிடைக்கிறது!

"எப்படிம்மா வந்திருக்கு?" என்றேன்.

"சாயல் இருக்குண்ணே. யாரோ நமக்குத் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு. ஆனா கண்ணுதான் அவரோடது இல்ல." அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு யாரையும் இப்படி எடை போடுற மாதிரி பாக்க மாட்டாரு. ராத்திரி இந்தப் பக்கம் வரவே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க சொன்னா வரைஞ்சவரு கேப்பாரு. கண்ணை மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்கண்ணே."

மாலையைக் கழற்றிப் பலகையை என் வேனில் ஏற்றிக் கொடுத்தாள். நேராக என் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பலகையும் என்னுடையது, முகமும் என்னுடையது. வேன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனது.

குகன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"அந்தம்மா அவசரப்படுத்துனாங்கடா. ஐ.சி. படத்த வெச்சு எப்படி வரையுறது? உன்னோடது ரெடியா இருந்துச்சு லா."

"ரெடிமேட் சட்டையாடா என் மூஞ்சி? கை நீளம்னா வெட்டி வேற ஆளுக்கு மாட்டிவிடுவியா?"

"கோவப்படாத. உனக்கு வேற ஒண்ணு வரையுறேன். நல்ல தேக்குக் கதவு ஒண்ணு கெடச்சிருக்கு."

"அவங்களுக்குக் கண்ணு சரியில்லையாம். எடை போடுற கண்ணாம்."

அவன் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அந்தக் கண்ணுதான்டா அதுல நல்லா வந்துச்சு! அப்படியே நீதான்!"

ஞாயிறுகள் எல்லாம் ஒரே வரிசையாக வந்து நின்றன. மலர்விழியைப் பற்றிச் சொன்ன அன்றும் இவன் இந்தக் கண்ணைத்தான் பார்த்திருக்கிறான்.

"மாத்து" என்றேன்.

"அவரு கண்ணு எப்படின்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்குத் தெரியும். என் வாடிக்கைக்காரர். சேலையைப் பிரிச்சுப் போட்டா சேலையப் பாக்க மாட்டாரு, என்னைத்தான் பாப்பாரு. நான் நல்லா இருக்குன்னு சொன்னா அவருக்கும் நல்லா இருக்கும். எதிர்ல இருக்கறவன நம்புற கண்ணு."

"அதை நான் எங்கடா பாக்கறது?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் எதிர்ல உக்காந்திருந்துச்சு. நீ வரையல."

அவன் விளக்கை என் பக்கம் திருப்பி, தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப அது இல்லையேடா" என்றான் மெதுவாக.

"அது உன் பாடு. புதன்கிழமை காரியம், அதுக்குள்ள முடிச்சுக் கொடு" என்று சொல்லிவிட்டு, வேனை எடுக்கக் கீழே இறங்கினேன்.