கழலாத ஐந்தாவது நட்

பல்செட்காரர் எதையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார். வாசல் பூட்டு, கேஸ் குமிழ், பஸ்ஸில் ஏறினால் சட்டைப் பை என்று எல்லாவற்றுக்கும் அந்த மூன்று தடவை உண்டு. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவரின் ஈறு புண்ணாகிவிடும் என்ற பயத்திலேயே பழகிய கை. கையைப் போலவே மனசும் ஆகிவிட்டது.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் இல்லை. டீச்சருக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு அக்கா. பதினோரு வயது மூத்தவள். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால், தலை வாரிவிட்டதும் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் காத்து நின்றதும் அக்காதான். இப்போது மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் கணவரோடு இருந்தாள். வாரம் தவறாமல் போன் வரும்.

"என்னடி, உங்க வீட்டுப் பூட்டு மாப்பிள்ளை உன்னையும் உள்ளே வெச்சுப் பூட்டிட்டாரா? ஆளையே காணோம்?"

பல்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். அக்கா கிண்டல் செய்தால் மட்டும் அவருக்குக் கோபம் வராது.

பத்து வருடம் யோசித்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டுப் போட்ட அலாய் வீல் நான்கும் வண்டியோடு வந்தன. வெள்ளி நிறத்தில், பூவிதழ் மாதிரி விரிந்த சக்கரங்கள். வண்டியைவிட அவற்றைத்தான் பல்செட்காரருக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் லேபிலிருந்து கொண்டு வந்த சின்ன பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்ப்பார். "பல் விளக்கி முடிச்சாச்சா?" என்று டீச்சர் மாடியிலிருந்து கேட்பாள்.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். கீழ்த்தளத்து வக்கீல் ஒரு நாள் காலையில் கோர்ட்டுக்குப் போக இறங்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கார் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு அலாய் வீலும் போயிருந்தன. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தார்கள். பல்செட்காரர் தன் வண்டியிடம் போய் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு சுற்று.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. ஜாக்கி உள்ளே நுழைய முடியாதபடி வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். முன் சக்கரங்களைத் திருப்பி வைத்தார். தூண் மேலே கேமரா மாட்டினார். வண்டி சாய்ந்தால் அலறும் அலாரம் ஒன்று வாங்கினார். அது பூனை ஏறினாலும் அலறி ஊரைக் கூட்டியது. கடைசியில் டயர் கடைக்குப் போய், ஒவ்வொரு சக்கரத்திலும் இருந்த ஐந்து நட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பூட்டு நட் போட்டுக்கொண்டு வந்தார். அதன் தலை அறுகோணமாக இருக்காது. பூ மாதிரி வளைவு வளைவாக இருக்கும். கட்டைவிரல் அளவில் ஒரு சாவி உண்டு. அதை மேலே பொருத்தினால்தான் ஸ்பேனர் பிடிக்கும்.

டயர் கடை மெக்கானிக் அந்தச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

"சார், இது வண்டியை விட்டு இறங்கவே கூடாது. ஸ்டெப்னி கூடவே கிடக்கட்டும். வழியில பஞ்சரானா இது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

பல்செட்காரர் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் வேறு மாதிரி யோசித்தார். கண்ணாடியை உடைத்து வண்டிக்குள் கை விட்டால் திருடனுக்குச் சாவி கிடைத்துவிடும். பிறகு எதற்குப் பூட்டு? சாவியை வீட்டுக்குள் கொண்டு போய் பீரோவில் வைத்தார். ஒரு மாதம் கழித்து அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது இன்னோர் இடம். டீச்சரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

அந்த வருடம்தான் அக்காவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே கடைசிக் கட்டம். டீச்சர் மாதம் இரண்டு முறை பஸ்ஸில் போய் வந்தாள். அக்கா அப்போதும் கிண்டலை விடவில்லை. "எனக்கும் ரெண்டு பூட்டு நட் போட்டு விடச் சொல்லுடி. எமன் கழட்டிட்டுப் போக முடியாது."

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவின் கணவர் போன் செய்தார். "கிளம்பி வாம்மா. இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

பல்செட்காரர் அப்போது லேபில் இருந்தார். அன்று மதியத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டிய பல்செட் ஒன்று பாதியில் நின்றது. "பஸ்ஸுக்குக் காத்து நிக்காதே. நீ வண்டியை எடுத்துட்டுப் போ. நான் இதை முடிச்சிட்டுப் பின்னாலயே பஸ்ல வந்துடறேன்" என்று போனில் சொன்னார். டீச்சருக்கு நன்றாகவே வண்டி ஓட்டத் தெரியும். மாற்றுப் புடவைகூட எடுக்காமல் கிளம்பினாள்.

ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பாள். நெடுஞ்சாலையில், இரண்டு பக்கமும் வெறும் வயல், வலது பின் சக்கரம் தடதடவென்று அடித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தாள். டயர் சப்பையாகக் கிடந்தது.

சற்று நேரத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தாண்டிப் போய் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயசுக்காரர். அவள் சொல்வதற்குள் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துவிட்டார். நான்கு நட்டும் மளமளவென்று கழன்றன. ஐந்தாவதில் ஸ்பேனர் வழுக்கியது.

"இது வேற மாதிரி இருக்கேம்மா. இதுக்குன்னு ஒரு சாவி குடுத்திருப்பாங்களே?"

டீச்சர் வண்டி முழுக்கத் தேடினாள். சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டில், டிக்கியில் விரித்திருந்த பாய்க்குக் கீழே. கணவருக்குப் போன் செய்தாள்.

"சாவி வீட்டில இருக்கு" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "நீ அங்கேயே இரு. நான் எடுத்துட்டு வந்துடறேன். ஒண்ணரை மணி நேரம்."

லாரி டிரைவர் அதற்குள் தன்னிடம் இருந்த ஒரு பழைய சாக்கெட்டை அந்த நட்டின் மேல் வைத்து சுத்தியலால் அடித்துப் பார்த்தார். அசையவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "கழட்டவே கூடாதுன்னு செஞ்சிருக்கான்மா. நாமளும் திருடனும் இதுக்கு ஒண்ணுதான்" என்றார். எங்கே போகிறாள் என்று விசாரித்தார். கேட்டதும் முகம் மாறியது. "நானும் அந்த ஊரைத் தாண்டித்தான் போறேன். வண்டி கிடக்கட்டும். ஏறுங்க. மெதுவாப் போனாலும் ரெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுடறேன்."

டீச்சர் மறுபடி போன் செய்தாள். "நான் லாரியில போயிடறேங்க. நீங்க வந்து வண்டியைப் பாத்துக்கங்க."

அப்போதுதான் பல்செட்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ரோட்டுல அப்படியே போட்டுட்டுப் போயிடாதே. நாலு நட்டைக் கழட்டி வேற வெச்சிருக்கீங்க. மிச்சம் இருக்கிற ஒண்ணை உடைச்சாப் போதும், சக்கரத்தை உருவிட்டுப் போயிடுவாங்க. நான் இதோ கிளம்பிட்டேன். கொஞ்ச நேரம்."

அவள் வண்டியைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். டிரைவர் இரண்டாம் தடவையும் கேட்டார். "இல்லண்ணா, அவர் வந்துடறேன்னுட்டார்" என்றாள். லாரி போய்விட்டது.

பல்செட்காரர் பாதி வேலையைப் போட்டுவிட்டு, லேபில் கூட வேலை செய்பவரின் பைக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். சாவி வைத்த இடத்தில் இல்லை. எந்த இடம் கடைசி இடம் என்று அவருக்கே தெரியவில்லை. பீரோவைக் கலைத்தார். பரணில் ஏறினார். அரிசி டின்னில் கையை விட்டார். பாத்திரங்களை உருட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு வாங்கி அப்புறம் போடவே போடாத ஷூவின் உள்ளே, சுருட்டிய சாக்ஸுக்குள் அது இருந்தது. எந்தத் திருடனும் கை வைக்க மாட்டான் என்று தேர்ந்தெடுத்த இடம். சாவியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

பன்னிரண்டரை மணிக்கு அக்காவின் கணவர் டீச்சருக்குப் போன் செய்தார். "கண்ணு முழிச்சிருக்கா. எங்க இருக்கே? சரி, பேசு. காதுல வெக்கறேன்."

"அக்கா! நான்தான்க்கா. வந்துக்கிட்டே இருக்கேன். இதோ வந்துடறேன். கேக்குதா?"

மூச்சு கேட்டது. பிறகு அக்கா ஏதோ பேசினாள். அந்த நேரம் பார்த்து இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹாரன் அடித்தபடி கடந்தன. டீச்சர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வயலில் இறங்கி ஓடினாள். "என்னக்கா? இன்னொரு வாட்டி சொல்லுக்கா." மறுமுனையில் அத்தானின் குரல்தான் வந்தது. "களைச்சுப் போயிட்டாம்மா. சீக்கிரம் வா."

மூன்று, நான்கு வார்த்தை இருக்கும். அது என்ன என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பக்கத்தில் இருந்த அத்தானுக்கும் கேட்கவில்லை.

பல்செட்காரர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். சாவியைப் பொருத்தித் திருகினார். ஐந்தாவது நட் சத்தமில்லாமல் கழன்று வந்தது. பத்து நிமிடத்தில் ஸ்டெப்னி மாட்டியாயிற்று. பைக்கை அங்கேயே ஒரு மரத்தடியில் பூட்டாமலேயே விட்டுவிட்டு அவர் வண்டியை ஓட்டினார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். டீச்சரின் மடியில் போன் அடித்தது. யார் என்று பார்த்தாள். எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாவே போங்க" என்றாள். "இனிமே என்ன அவசரம்."

துக்க வீட்டில் கேட்டவர்களிடமெல்லாம் டீச்சர் ஒரே பதிலைச் சொன்னாள். "வழியில பஞ்சராயிடுச்சு." சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. வந்தவர்கள் பல்செட்காரரின் தோளைத் தொட்டு, "உங்க மேல என்ன தப்பு, நேரம் சரியில்ல" என்றார்கள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள், கிளம்பும் முன்பு, அக்காவின் கணவரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னார். தான் சாவியை ஒளித்தது, லாரியில் ஏறாதே என்றது, எல்லாம். அவர் அக்காவின் மருந்துப் புட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கடைசி ஒரு மணி நேரம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா தம்பி" என்றார். பிறகு, "இதை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? உங்க மனசுல இருக்கிறதை இறக்கி வைக்க என் தலைதான் கிடைச்சுதா? நான் என்ன பண்ணணும் இப்ப? பரவாயில்லன்னு சொல்லணுமா?" என்று கேட்டார். பல்செட்காரர் வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டீச்சர் மட்டும் மாதம் ஒரு முறை அத்தானைப் பார்க்கப் போய் வந்தாள். பஸ்ஸில்தான்.

ஐந்து மாதம் கழித்து பல்செட்காரர் டயர் கடைக்குப் போய் நான்கு பூட்டு நட்டையும் கழற்றச் சொன்னார். "இப்பதான் சார் திருட்டு ஜாஸ்தியா இருக்கு" என்றார் மெக்கானிக். "போனாப் போகட்டும்" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் டீச்சர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"கழட்டிட்டா எல்லாம் சரியாப் போயிடுமா?" என்று அவள் கேட்டாள். அந்த நாளைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"இல்லம்மா. நான் அன்னைக்கு உன்னைப் போகச் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்." கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தனையோ நாள் உங்களை மனசுக்குள்ளயே வெச்சுத் திட்டித் தீத்திருக்கேன். ஆனா அந்த லாரிக்காரர் ரெண்டு தடவை கேட்டாருங்க. நீங்க போன்ல ஒரு வார்த்தை சொன்னீங்க, அவ்வளவுதான். என்னைக் கட்டியா போட்டீங்க? நின்னது நான். நானும் ஒரு நிமிஷம் அந்தச் சக்கரத்தைத்தான் பாத்தேன். நீங்க அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சிருக்கீங்களேன்னு பாத்தேன். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான்னு நினைச்சேன். எனக்கே என்னை மன்னிக்க முடியல. உங்களை எங்க போய் மன்னிக்கறது?"

பல்செட்காரர் அழுதார். கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவள் கிட்டே போகவில்லை, தேற்றவும் இல்லை. அவர் ஓயும்வரை அங்கேயே நின்றாள். பிறகு கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை அத்தானைப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க. அவர் பேச மாட்டார். பேசலைன்னாலும் வாங்க" என்றாள்.

போனார்கள். காரில்தான். அந்த இடத்தைக் கடக்கும்போது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்காவின் கணவர் அவளை உட்காரச் சொன்னார். பல்செட்காரரைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனார். சமையலறையில் வெகு நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து போகப் பார்த்தாள். "நீ இரும்மா, நானே போடறேன்" என்று குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மூன்று காப்பி டம்ளர்களோடு வெளியே வந்தார். பல்செட்காரர் முன்னால் நின்று, டம்ளரை நீட்டாமல், கீழே பார்த்தபடி கேட்டார்.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு போடணும்? எனக்குத் தெரியல. அவதான் எப்பவும் போடுவா."

"ஒரு ஸ்பூன் போதும்ண்ணே" என்றார் பல்செட்காரர். அத்தான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.