கண்காட்சிக்கு வராத ஐந்தாவது முயல்

1

2009 மார்ச் 14, சனிக்கிழமை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கீத்லிக்கு அருகே ஒரு சிற்றூரின் பொது மண்டபத்தில் நடந்த முயல் கண்காட்சியில், பிரெஞ்சு லாப் என்ற தொங்குகாது இனப் பிரிவுக்கு ஐந்து முயல்கள் பதிவாகியிருந்தன. நான்கு வந்தன.

உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு இருநூறு சொல் எழுதப் போயிருந்தேன். யாருடைய முயல் எத்தனையாவது பரிசு என்று குறித்துக்கொண்டால் போதும். காலிக் கூண்டைப் பற்றி நான் கேட்டிருக்கவே வேண்டாம். கேட்டேன். "வில்ஃப் ஹோல்ராய்டோடது. கால்ல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு, கொலின் என்ற முயல் கிளப்காரன் தேவைக்கு மேல் கவனமாகத் தன் தேநீரைக் கலக்கினான். மீதியைப் பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். கிடைக்காததை இட்டுக்கட்டியிருக்கிறேன். எங்கே என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "வில்ஃப்ரெட் ஹோல்ராய்ட் முயல்களை நேசித்தார்."

அடித்துவிட்டேன். எழுபத்தோரு வயது வில்ஃப் இதைக் கேள்விப்பட்டால் பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிடுவார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாற்பது வருஷமாகக் கண்காட்சி முயல் வளர்க்கிறார். 'செல்லப் பிராணி' என்பது அவர் வாயில் வசவு.

இரண்டாம் தொடக்கம்: "ஆறு கிலோ எடையும் கன்னத்தை ஒட்டித் தொங்கும் காதுகளும் கொண்ட அந்த ஆண் முயல், உட்கார்ந்திருக்கும்போது ஒரு கம்பளித் தொப்பியை

இதையும் விட்டுவிடுகிறேன். அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வளையத்திலிருந்து தொடங்குவதே சரி.

2

கண்காட்சி முயலுக்குப் பத்து வாரம் ஆகும்போது பின்னங்கால் வழியாக ஓர் அலுமினிய வளையத்தை மாட்டுவார்கள். பிறகு கால் பருத்துவிடும், வளையம் கழலாது. ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அளவு, அந்த அளவுக்கு ஓர் எழுத்து. எழுத்தும் எண்ணும் வளையத்தில் பொடியாகப் பொறித்திருக்கும். வளையம் இல்லாத வளர்ந்த முயலை நடுவர் மேசையில் வைக்க முடியாது.

கிளப்புக்கே வளையம் வாங்கிப் பங்கிடுபவர் வில்ஃப்தான். போன இலையுதிர் காலத்தில் அவர் மேசையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன: பெரிய பிரெஞ்சு லாப்புக்கு ஒன்று, அதில் கால்வாசி எடைகூட வராத சின்ன லாப்புக்கு ஒன்று.

வியாழக்கிழமை காலை அவர் மனைவி மேவிஸ் கொட்டகையில் முயலை மடியில் மல்லாத்திப் போட்டுப் பாதம் துடைத்துக்கொண்டிருந்தாள். அது வில்ஃபின் வேலை. முதுகு வலி என்று சொல்லி அவளிடம் விட்டிருந்தார்.

"என்ன, இன்னும் முடியலையா?" வாசலில் வந்து நின்றார்.

"ஒம்புள்ள பாதத்துல ஒரு வருஷத்து அழுக்கு இருக்கு."

"புள்ள இல்ல, முயல். கொஞ்சாத. கொஞ்சினா மேசையில நிமிந்து உக்காராது."

"நீயுந்தான் நிமிந்து உக்கார்றதில்ல. உன்ன யாரு கொஞ்சினாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேவிஸின் விரல் அப்போதுதான் வளையத்தில் பட்டது. சுழல வேண்டிய வளையம் அசையவில்லை. ரோமத்தை விலக்கினாள். தோல் சிவந்து, ஓரத்தில் கசிந்திருந்தது. வெளிச்சத்தில் காலைத் திருப்பி எழுத்தைப் படித்தாள். சின்ன லாப்பின் எழுத்து.

[இந்த இடத்தில் மேவிஸ் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பேருக்குச் சோறு போட்டவள். ஒரு வேலை கையில் இருக்கும்போது அழமாட்டாள்.]

நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அளவு மாறாத மனுஷன். அவர் அந்த எழுத்தைப் படித்து மாட்டவில்லை. படிக்க முடியாமல் மாட்டியிருக்கிறார். "கண்ணாடி மாடில இருக்கு, நீயே படி" என்று மின்கட்டணச் சீட்டை நீட்டியது, கால்பந்து முடிவுகளை உரக்க வாசிக்கச் சொன்னது, இப்போது முதுகு வலி, எல்லாம் அவளுக்கு ஒரே வரிசையில் வந்து நின்றன. வெள்ளிக்கிழமைதோறும் ஏழு வயதுப் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் காரில் கூட்டிப்போவது அவர்தான். மறுநாள் வெள்ளி.

வளையத்தை உடனே அறுக்க வேண்டும். அறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

3

கொலினுக்குப் போன் செய்தாள். விரலில் சிக்கிய மோதிரத்தை அறுக்கும் கருவி அவனிடம் இருந்தது.

"அறுத்துட்டா அவ்வளவுதான் மேவிஸ். அப்புறம் அது சாம்பியன் இல்ல, வெறும் முயல்."

"ஆறு கிலோ இருக்கான். வெறும் முயல்ங்கிற."

"வில்ஃப்கிட்ட சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"வளையம் சின்னதுன்னு." கொஞ்சம் இழுத்தான். "கண்ணு, கோச்சுக்காத. கிளப்புல எல்லாருக்கும் தெரியும். நவம்பர்ல அவன் நடுவரா இருந்தப்ப முதல் பரிசு அட்டைய பக்கத்துக் கூண்டுல சொருகிட்டான். நாங்கதான் மாத்தி வச்சோம்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீ அவன்கிட்ட சொல்லுவன்னு நாங்க இருந்தோம்."*

* இந்த வாக்கியம் நான் எழுதியதல்ல. கொலின் என்னிடம் சொன்னபோது அவன் முகம் சிவந்தது. மற்றபடி போன் பேச்சில் பாதி என் ஊகம்.

எனக்கு வில்ஃப் மேல்தான் சந்தேகம். முதல் பிரதியில் அவர் ஒன்றும் அறியாத கிழவர், சுற்றியிருப்பவர்கள் காப்பாற்றுகிறார்கள். வாசிக்க இதமாக இருந்தது. ஆனால் முப்பது வருஷம் பனியிலும் மலைச்சரிவிலும் பஸ் ஓட்டியவருக்குத் தன் கண்ணைப் பற்றித் தெரியாது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை.

4

முடிவு அ: மேவிஸ் பொய் சொல்கிறாள். கம்பி வலையில் கால் மாட்டிக்கொண்டது, வேறு வழியில்லாமல் அறுத்தோம் என்கிறாள். வில்ஃபின் மானம் தப்புகிறது. மூன்று வாரம் இதுதான் கதையின் முடிவாக இருந்தது. பிறகு அந்தக் கதையிலும் வெள்ளிக்கிழமை வந்து, வில்ஃப் ஓட்டும் காரில் பேத்தி துண்டோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: கொலின் வந்து, ஆணுக்கு ஆண் என்ற முறையில்

இல்லை. அது கொலினுடைய வேலை இல்லை.

முடிவு இ. நடந்ததற்கு இதுதான் மிக அருகில் இருக்கிறது. மேவிஸ் எனக்குச் சொன்னது. எங்கள் இருவருக்கும் நடுவே சமையலறைத் தரையில் அந்த முயல் படுத்திருந்தது.

மதியம் மூன்று மணி. கொலின் வெளியே காரில் இருந்தான். மேவிஸ் முயலைத் தூக்கிக்கொண்டு போய் வில்ஃபின் மடியில் வைத்தாள்.

"இந்தா, புடி."

"வீட்டுக்குள்ள ஏன் கொண்டாந்த?"

"புடி கண்ணு. வளையத்தத் திருப்பிப் பாரு."

கட்டைவிரலால் தள்ளினார். மறுபடி தள்ளினார். முயல் காலை உதறியது.

"திரும்பல."

"ம்."

"வலிக்குது அதுக்கு."

"ம்."

அவர் விரலை எடுக்கவில்லை. கண்ணாடி மாடியில் இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

"என்ன எழுத்து போட்டிருக்கு, மேவிஸ்?"

சொன்னாள்.

முயலின் காது ஒன்று அவர் மணிக்கட்டின் மேல் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்தபடி, அல்லது பார்ப்பதுபோல, உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"வளையம் காலைலேர்ந்து. மத்தது கிறிஸ்துமஸ்லேர்ந்து சந்தேகம்."

"எனக்கு ஆகஸ்ட்லேர்ந்து" என்றார். பிறகு, "மாட்டறப்ப விரலால தடவிப் பாத்தேன். சரியாத்தான் இருந்த மாதிரி இருந்துச்சு."

"நாளைக்கு நீச்சலுக்குப் புள்ளைய நான் பஸ்ல கூட்டிட்டுப் போறேன்."

"மழை வரும்."

"வரட்டும்."

கொலின் உள்ளே வந்து அறுத்தான். நான்கு நிமிஷம் ஆனது. முயல் ஆடாமல் இருக்க அதன் கண்களைத் தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தவர் வில்ஃப். புண்ணுக்கு உப்புத் தண்ணீர் விட்டார்கள். 

5

கொலின் போனபின் இருவரும் முக்கால் மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், முயல் அவர் மடியில். என்ன பேசினீர்கள் என்று மேவிஸிடம் கேட்டேன். "டீ குடிச்சோம்" என்றாள். வில்ஃபிடம் கேட்டேன். "அவ டீ ஆறிப்போச்சு" என்றார்.

[அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். ஒன்றில் அவர் மன்னிப்புக் கேட்கிறார். ஒன்றில் அவள் கேட்கிறாள். இன்னொன்றில் இருவரும் கொலினைத் திட்டித் தீர்க்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.]

எதையும் இங்கே சேர்க்கவில்லை. அந்த இடத்தை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு, அது உங்களுக்கும் தெரிந்திருந்தால், என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவுதான். திங்கட்கிழமை வில்ஃப் ஓட்டுநர் உரிமத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். உறையில் முகவரியை மேவிஸ் எழுதினாள். முயலின் புண் பதினொரு நாளில் ஆறியது. அதைக் கொட்டகைக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. ஏப்ரல் மாதம் அது டெலிபோன் வயரைக் கடித்துத் துண்டித்தது. இரண்டு நாள் அவர்கள் வீட்டுக்குப் போன் வேலை செய்யவில்லை.