பன்னிரண்டு வள்ளிக் கிழங்குகள்

பல்கலைக்கழகத் தோட்டத்தில் ஓய்வு பெற்றபின் எட்டு வருடமாகச் சம்பளமில்லாமல் மண்ணைக் கிளறுகிறவள் நான். புதன்கிழமை வேலைக்கு யார் வந்தாலும் என்னைக் கேட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்கள். சேய்னி வரும்வரை அப்படித்தான் இருந்தது.

டோங்காத் தீவிலிருந்து பிரிஸ்பேனுக்கு நர்சிங் படிக்க வந்தவள். தோட்டத்துக்கு வந்த இரண்டே மாதத்தில் மாணவப் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால் போய்விட்டார்கள். ஒருநாள் என் தக்காளிச் செடியைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "என்ன நோலீன், இதுக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே அந்தச் செடியைப் பிடுங்கிப் போட்டேன்.

கடைசிப் பாத்தியில் அவள் வள்ளிக் கிழங்கு போட்டிருந்தாள். பன்னிரண்டு மேடு. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் அப்பா ஊரிலிருந்து அவளைப் பார்க்க வரப் போகிறார். தன் கையால் விளைந்த கிழங்கை அவர் முன்னால் வைத்தாக வேண்டும். "படிக்கப் போனா மண்ண மறந்துடுவேன்னு சொல்லித்தான் அனுப்பினார். காட்டறேன் பாருங்க." ஜூனில் கொடி மஞ்சளாகிக் காயத் தொடங்கியபோது என்னிடம் சொன்னாள்: "செத்துப் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. கொடி காஞ்சாத்தான் கிழங்கு முத்தும். அப்பா வர்ற அன்னிக்குத் தோண்டலாம்."

வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஜூலையில் பசுமை வளாகப் பரிசுக்கு நடுவர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. அந்த வாரம் சேய்னி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருந்தாள். எங்களோடு வேலை செய்யும் டெரில் அவள் பாத்தியைக் காட்டினான்.

"என்ன இது, சுடுகாடு மாதிரி? அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிட்டாளா?"

"அப்படித்தான் தெரியுது. நீ வேலியப் பாரு. இத நானே சுத்தம் பண்றேன்."

கொடியை இழுத்தேன். மேடுகளைக் கொத்தினேன். எல்லாவற்றையும் உரக்குழியில் அள்ளிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் கீரை நாற்று நட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பரிசும் எங்களுக்கே கிடைத்தது.

சேய்னி திரும்பி வந்து பாத்தியைப் பார்த்தபடி நின்றாள்.

"நாந்தாம்மா கொத்திட்டேன்," என்றேன். "நீ சொன்னது மறந்தே போச்சு. வயசாயிடுச்சில்ல."

அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க தப்பில்ல. நான் ஒரு பலகையில எழுதி நட்டிருக்கணும்," என்று என்னையே கட்டிக்கொண்டாள். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். சுகமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவை அழைத்து வந்தாள். டோங்கா மரியாதைப்படி இடுப்பில் பாய் சுற்றிய பெரிய உடம்பு, இங்கிலீஷ் தெரியாது. நான் தெரியாமல் செய்துவிட்டதாக மகள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினார். அப்புறம் உரக்குழியருகே குந்தி, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துத் தரையில் வரிசையாக வைத்தார். பன்னிரண்டு கிழங்கு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று துண்டாகியிருந்தது. மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

சேய்னி அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினாள். "முதல் கிழங்கு வெட்டுப்பட்டதுமே உள்ள வெள்ளையா, நல்ல கிழங்குன்னு தெரிஞ்சிருக்குமே, மீதி பதினொண்ண எதுக்கு வெட்டினாங்கன்னு அப்பா..."

பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

அவள் அப்பா, மரியாதையாக, என் பதிலுக்குக் காத்திருந்தார்.