அறுபதுக்குக் கீழே

துவைத்த துணிக் கூடைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மெஷினின் ஸ்பீக்கரைத் துண்டால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, சின்னவள் பொத்தானை அழுத்தப் போனாள். பாழாய்ப்போன அந்த மெஷின் உயிர் வரும்போதே மூன்று முறை கத்தும். கூடத்தில் இருக்கும் அண்ணன் காதில் விழுந்தால் தொலைந்தாள்.

அப்பா இறந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். அவருடைய செருப்பு, மண்வாரி, இடுப்புப் பை, உலோகம் தேடும் இந்த மெஷின் எல்லாவற்றையும் கடற்கரையைக் கூட்டும் துப்புரவுக்காரர் கொண்டுவந்து வாசலில் வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"முப்பது குழியாவது தோண்டியிருப்பாரும்மா. கடைசிக் குழிக்குப் பக்கத்துலயே சாஞ்சு கிடந்தாரு."

முப்பது குழி! இதய ஆபரேஷன் ஆன மனுஷர். நடக்கலாம், குனிந்து தோண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நாளைக்கு ஐந்து குழி என்று அனுமதி வாங்கியவர் அப்பா. அதற்காகத்தான் மெஷினில் குப்பை உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றி வைத்திருந்தார். மண்ணுக்கடியில் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் அது திரையில் ஒரு எண் காட்டும். ஆணிக்குக் குறைச்சல், பெரிய நாணயத்துக்கு அதிகம். அறுபதுக்குக் கீழே எது வந்தாலும் வாயைத் திறக்காதே என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார். அப்படியும் அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "சும்மா சும்மா கோவிச்சுக்கிட்டுக் கத்துவான், தோண்டிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது" என்பார்.

மெஷினே அம்மாவின் மோதிரத்துக்காக வந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலில் கால் நனைத்தபோது அம்மாவின் கல்யாண மோதிரம் கழன்று போனது. நூல் மாதிரி மெல்லிசு மோதிரம். அப்பா அந்தக் கரையை எத்தனையோ தடவை சலித்துவிட்டார். சில்லறை கிடைத்தது, சாவிக்கொத்து கிடைத்தது, யாருடைய தடித்த வெள்ளி மோதிரமோ கூடக் கிடைத்தது. அம்மாவுடையது மட்டும் கிடைக்கவில்லை.

நேற்று சாயங்காலம் பேட்டரி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர்தான் சின்னவளிடம் சொன்னார். "மெல்லிசு தங்கம்னா, சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளுக்கு வர்ற நம்பர்தாம்மா அதுக்கும் வரும். குப்பை வேண்டாம்னு அடைச்சா மோதிரமும் சேர்ந்துல்ல அடைபட்டுப் போகும்?"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அறுபதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டாள். காலையில் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, மோதிரம் விழுந்த இடத்தில் மட்டும் அப்படித் தேடச் சொல்லலாம் என்றிருந்தாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் போயிட்டு வரேன் என்று மட்டும் கத்திவிட்டு ஓடினாள். இப்போது யாரும் பார்ப்பதற்குள் அதைப் பழையபடி அறுபதில் வைத்துவிட வேண்டும்.

"அங்க என்ன பண்றே?"

தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எந்த மெஷினையும் ஒரு பார்வையில் படித்துவிடுவான். இதை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஒண்ணுமில்லண்ணா. மண்ணா இருந்துச்சு. துடைச்சுட்டு..."

"குடு இங்க. அஞ்சு குழி தோண்டுற மனுஷன் முப்பது தோண்டியிருக்காருன்னா இதுல ஏதோ கோளாறு."

அவன் பொத்தானை அழுத்தினான். மெஷின் மூன்று முறை கத்தியது. சின்னவளுக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது?

"பூஜ்யத்துல நிக்குது. ஆணிக்கும் கத்தும், மூடிக்கும் கத்தும். யாரு இதுல கை வச்சது?"

சின்னவள் கையிலிருந்த துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"நான்தான்" என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "மோதிரம் கிடைக்கும்னு... காலையில சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேண்ணா."

அண்ணனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அடித்துவிடுவான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு..."

"அவளைத் திட்டாதே." அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள். அழுத கண் வீங்கியிருந்தது. "அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பத்து மணிக்குப் போன் பண்ணாரு. மாப்பிள்ளைக்கு இன்னைக்குப் பேய் பிடிச்சிருக்கு, அடிக்கு அடி கத்துறான், சின்னவ நேத்து நோண்டிக்கிட்டிருந்தாளே, அவ வேலைதான்னு சிரிச்சாரு."

"பழையபடி மாத்துங்கன்னு நீ சொல்லலியா?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லல. அவரே, மோதிரத்தை ஒரு எழுபது எண்பது தடவை தாண்டிப் போயிருப்பேன்டி, நான்தான் மாப்பிள்ளையைப் பேசவிடாம வச்சிருக்கேன், இங்கயேதான் இருக்கும்னாரு. எனக்கும் ஆசை வந்துடுச்சுடா. பார்த்துத் தோண்டுங்கன்னேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போதும், வாங்கன்னு சொல்லல" என்றாள்.

அண்ணன் மெஷினை அணைத்துச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, யாருக்கோ போன் பண்ணுவதுபோல வெளியே போனான். சின்னவளுக்குப் பயம் விட்டுப்போகவில்லை. ஆனால் இப்போது அது அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயமாக இருந்தது.

அம்மா பழைய பேப்பர் ஒன்றைத் தரையில் விரித்தாள். இதுவரை யாரும் தொடாத அந்த இடுப்புப் பையைத் திறந்து அதன்மேல் கவிழ்த்தாள். ஈர மணலோடு கொட்டியது. துருப்பிடித்த ஆணிகள், பாட்டில் மூடிகள், டின் வளையங்கள், கசங்கி உருண்டுபோன சிகரெட் தாள்கள். அம்மா ஒரு தாள் உருண்டையை எடுத்து, நகத்தால் மெல்லப் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. குவியலில் பாதியைக் கையால் பிரித்து அவள் பக்கம் தள்ளினாள்.