வாய்க்குள் ஒரு சாவி

சாவியை வாய்க்குள் போட்டுக்கொள்கிறாள் அம்மா, இடது கன்னம் புடைக்கிறது, பீரோவின் சாவித்துவாரம் வழியே எனக்கு அந்தக் கன்னம் மட்டும்தான் தெரிகிறது, பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைப் புடவைகளுக்கு அடியில் உட்காரவைத்துப் பூட்டியிருக்கிறாள், மூச்சுச் சத்தம் கேக்கக் கூடாது சாமி என்று சொல்லியிருக்கிறாள், எங்கடி அவன் என்கிறார் அப்பா, கையில் பெல்ட், அம்மா வாய் திறக்கவில்லை, கன்னத்துல என்னடி அடக்கி வச்சிருக்க என்று தாடையில் ஓங்கி ஒரு குத்து விடுகிறார், கன்னம் சட்டென்று வற்றிப்போகிறது, முழுங்கிட்டியா, நல்லா முழுங்குடி, அவர் சிரிக்கிறார், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார், அம்மா கழுத்தைப் பிடித்தபடி சரிந்து என் துவாரத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறாள், பிறகு தரையில் குதிகால் உதைக்கும் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

பீரோ பூட்டு பார்க்கத்தான் முரடு, உள்ளிருந்து பார்த்தால் எளிமையானது, கதவின் முதுகில் ஒரு தகரத்தை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும், என் நிக்கர் கொக்கியால் அவற்றைக் கழற்றினேன், உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் அதனதன் உயரத்துக்குத் தூக்கப்பட வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பூட்டின் நாக்கு நகராது, சாவி செய்வது அவ்வளவுதான், அதை என் நகங்கள் செய்தன, நகம் பிய்ந்தது, நாக்கு நகர்ந்தது, கதவு திறந்து அம்மாவின் தோளில் இடித்து நின்றது, அவள் உதடு நீலமாக இருந்தது. கிறுக்குப் பிடிச்சு சாவிய முழுங்கிட்டா என்று அப்பா தெருவில் சொல்லி அழுதார், அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

ஏண்டா, நகைய எடுத்தமா ஓடுனமான்னு இல்லாம, காலி பீரோவையும் எதுக்குடா தொறக்குற, ஏட்டு துரைப்பாண்டி ஒவ்வொரு தடவையும் கேட்பார், லத்தியால் உள்ளங்காலில் ஒன்று வைத்துவிட்டுத்தான் கேட்பார், உள்ள பொண்டாட்டிய ஒளிச்சு வச்சிருக்கியா, ஸ்டேஷனே சிரிக்கும், நானும் சிரிப்பேன், பூட்டிய பீரோ ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வெளியேற என் கால்களுக்குத் தெரியாது, திறந்து, துணிகளை விலக்கி, அடித்தட்டைப் பார்த்த பிறகுதான் அவை நகரும், அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள், அப்படித்தான் எப்போதும் மாட்டுகிறேன். இன்னொரு தடவ வந்த, குண்டாஸ்தான், வெளிய வர்றத மறந்துரு, என்று போன தடவை சொல்லி அனுப்பினார்.

இந்த வீட்டில் முன்கதவு வெளியே பூட்டியிருந்தது, பின்கதவு வழியே வந்தேன், மத்தியான வெயில், முதல் பீரோவிலேயே சங்கிலியும் வளையலும் கிடைத்துவிட்டன, போயிருக்கலாம், பக்கத்து அறையில் துருப்பிடித்த பழைய பீரோ ஒன்று நின்றது, நானே அரத்தால் ராவிய சாவியை நுழைத்தேன், தகடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன, திறந்தேன், அந்துருண்டை வாசனை, போர்வைகளை விலக்கினேன், ஒரு சிறுமி கண் கூசப் பார்த்தாள், கையில் பெல்ட் தடம். வா பாப்பா, பின்கதவு தொறந்துதான் கிடக்கு. அவள் தலையாட்டினாள், மூடிருங்க மாமா, அப்பா பூட்டுனது பூட்டுனபடியே இருக்கணும், இல்லாட்டி அம்மாவ அடிப்பாரு. அம்மா எங்க. மில்லுக்குப் போயிருக்கு. கையைப் பிடித்து இழுத்தேன், அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள், அவ்வளவு பலமாக, வாசலில் பைக் வந்து நின்றது.

மூடினேன், பூட்டினேன், தகடுகள் விழும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது, பின்கதவுக்கு நாலு எட்டுதான், கால்கள் நகரவில்லை, பீரோவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், அவள் அப்பனிடம் இன்னொரு சாவி இருக்கும், எனக்குத் தெரியும், முன்கதவு திறக்கிறது, யார்றா நீ, என்கிறான், வாயில என்னடா, இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுகிறான், என் பிடரிக்குப் பின்னால் சாவித்துவாரத்திலிருந்து சின்ன மூச்சு சூடாக வருகிறது, சத்தம் கேக்கக் கூடாது சாமி, இடது கன்னத்தில் இரும்பு கசக்கிறது, நான் வாய் திறக்கவில்லை.